நிகோ: மாடலிங்கை உதறி ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தவர். அந்த இசை யாருடையது?

பின்னிரவு வானொலி

நிகோவுக்கு இங்கே தனி இழை இல்லை. பழைய ராக் இழைகளில் அவர் பெயர் வரும்போதெல்லாம் "அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் கூட்டத்தில் இருந்த அழகி", "நியூயார்க் ராக் குழு தி வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் ஆல்பத்தில் மூன்று பாட்டுப் பாடியவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆல்பம் வந்தது 1967 மார்ச்சில். நிகோ 1988இல் இறக்கும்வரை மேடை ஏறிக்கொண்டிருந்தார். நடுவில் கிடக்கும் இருபத்தொரு வருடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இயற்பெயர் கிறிஸ்டா பேஃப்கன். 1938 அக்டோபரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தார். போர்க்காலக் குழந்தை. பதின்ம வயதிலேயே பெர்லினில் மாடலிங் தொடங்கிவிட்டார். நிகோ என்ற பெயரை வைத்தவர் ஹெர்பர்ட் டோபியாஸ் என்ற புகைப்படக்காரர். பிறகு பாரிஸ், பெரிய ஃபேஷன் பத்திரிகைகள், இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா' படத்தில் நிகோவாகவே ஒரு சிறு வேடம். 1962இல் பில் எவன்ஸ் வெளியிட்ட 'மூன் பீம்ஸ்' ஜாஸ் ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் முகமும் இவர்தான். அதாவது இசைத்தட்டுக்கு உள்ளே வருவதற்கு முன்பே அட்டைக்கு வந்துவிட்டார்.

1967 கடைசியில் 'செல்சி கேர்ள்' வந்தது. அவர் பெயரில் வந்த முதல் ஆல்பம் என்றாலும் பாட்டுகள் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியவை. அவரைக் கேட்காமலே வயலின்களும் புல்லாங்குழலும் சேர்த்துவிட்டார்கள். அந்தப் புல்லாங்குழலை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

அடுத்த வருடமே 'தி மார்பிள் இண்டெக்ஸ்'. அத்தனை பாட்டும் அவர் எழுதியவை. கிதார் தாளம் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. ஓர் ஆர்மோனியம், அடிவயிற்றிலிருந்து வரும் ஒரு குரல், சுற்றிலும், வெல்வெட் அண்டர்கிரவுண்டில் இருந்த ஜான் கேல் வாசித்த வயோலாவும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) மணிகளும். மொத்தம் முப்பது நிமிடச் சொச்சம். விற்கவில்லை. 1970இல் 'டெசர்ட்ஷோர்', 1974இல் 'தி எண்ட்'. அவையும் விற்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த மூன்றும் அந்தக் காலத்தின் ஆகத் தனித்துவமான இசையமைப்புகளில் சேர்பவை. அதை ஓர் இசையமைப்பாளரின் வேலையாகப் பார்க்கவிடாமல் தடுத்தது அந்த முகம்தான்.

தெற்குச் சன்னல்

நல்ல இழை. ஆனால் ஒரு கேள்வியைத் தாண்டாமல் போக முடியாது. 'தி மார்பிள் இண்டெக்ஸ்' உண்மையில் ஜான் கேலின் ஆல்பம் இல்லையா?

கேல் முறையாக இசை படித்தவர். இசையமைப்பாளர் லா மாண்ட் யங்கின் குழுவில் வயோலாவை மணிக்கணக்காக ஒரே சுரத்தில் இழுத்துப் பழகியவர். இந்த ஆல்பத்தில் ஆர்மோனியம் தவிர மற்ற வாத்தியங்கள் ஏறக்குறைய எல்லாம் அவர் கை. தயாரிப்பாளர் என்று அட்டையில் இருப்பது ஃப்ரேசியர் மோஹாக் பெயர், ஆனால் வேலை கேலுடையது. பதிவான ஒலிகளை ஒன்றுசேர்க்கும் கலவை வேலை நடந்தபோது நிகோவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, முடிந்த பிறகு கூப்பிட்டுக் கேட்கவைத்ததாகவும், கேட்டுவிட்டு நிகோ அழுததாகவும் கேலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். தன் ஆல்பத்தின் கலவையில் உட்காராதவரை அதன் ஆசிரியர் என்று எப்படிச் சொல்வது? 'டெசர்ட்ஷோர்' தயாரிப்பிலும் கேல் இருக்கிறார், ஜோ பாய்டோடு சேர்ந்து. 'தி எண்ட்'டிலும் கேல்தான். கூடவே வாசித்தவர்கள் பிரையன் ஈனோ, ஃபில் மன்சனேரா. இவ்வளவு பேரைக் கழித்தால் என்ன மிஞ்சும்?

பெட்டிக்கட்டை

என்ன மிஞ்சும் என்று கேட்டீர்கள். பெட்டி மிஞ்சும்.

நான் மதுரைப் பக்கம் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். இங்கிலீஷ் பாட்டு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. தம்பி ஒருவன் போனில் போட்டுக் காட்டியதால் இந்த அம்மாவின் பாட்டைக் கேட்டேன். வாசிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, இது காலால் மிதிக்கிற பெட்டி. மடியில் வைத்து இடது கையால் துருத்தி போடுகிற பெட்டியில் வாசிக்க ஒரு கைதான் கிடைக்கும். மிதிபெட்டியில் இரண்டு கையும் கட்டை மேல் இருக்கும். நாடக மேடைகளில் கால்பெட்டி வைத்திருந்ததற்கும் அதுதான் காரணம். இந்த அம்மா அதை நன்றாகப் பயன்படுத்துகிறார். இடது கை கீழே இரண்டு மூன்று சுரத்தை மாறிமாறிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வலது கை பாட்டோடு ஒட்டிப் போகிறது, சில இடத்தில் பாட்டுக்கு முன்னால் போய் நின்று குரலை வரவேற்கிறது.

இரண்டாவது, பாட்டுக்குத் தாளம் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. மிதியில் இருக்கிறது. துருத்தி நிரம்பி இறங்குகிற வேகத்தில்தான் அவர் வரி பிரிக்கிறார். வரி முடிகிற இடத்தில் காற்றும் முடிகிறது. சொல்லிக்கொடுத்து வருகிற விஷயம் இல்லை இது. பெட்டியோடு தனியாகப் பல மாதம் உட்கார்ந்தவர்களுக்குத்தான் வரும்.

மூன்றாவது, சுருதி. காற்று அழுத்தம் கூடிக் குறைந்தால் ரீட் (பெட்டிக்குள் அதிர்ந்து ஒலிக்கிற தகடு) லேசாக அசையும். பழைய பெட்டியில் ஒரு ரீட்டுக்கும் இன்னொன்றுக்குமே ஒத்துப்போகாது. அந்தப் பெட்டியோடு சேர்ந்து இன்னொருவர் வயோலா வாசித்தார் என்றால், அவர்தான் பெட்டிக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். பெட்டி யாருக்காகவும் சுருதி மாற்றிக்கொள்ளாது.

பின்னிரவு வானொலி

ஐயா, நீங்கள் இந்த இழைக்கு வந்தது பெரிய விஷயம். நீங்கள் மூன்றாவதாகச் சொன்னதைக் கேலும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: அந்த ஆர்மோனியம் மற்ற வாத்தியங்களோடும் சேரவில்லை, தன்னோடும் சேரவில்லை. ஆனால் எல்லாப் பாட்டிலும் அது இருந்தே ஆகவேண்டும் என்பதில் நிகோ உறுதியாக இருந்தார். எனவே எதை வாசித்தால் அதோடு ஒட்டும் என்று தேடவேண்டிய வேலை கேலின் தலையில் விழுந்தது. மணிகளும் குளோக்கன்ஸ்பீலும் (சிறு உலோகத் தகடுகளைத் தட்டி வாசிப்பது) வயோலாவின் உரசலும் அங்கே வந்த காரணங்களில் இதுவும் ஒன்று. தெற்குச் சன்னல், நீங்கள் கேலின் மேதமைக்கு ஆதாரமாகக் காட்டுகிற அந்த ஒலியே நிகோவின் பிடிவாதத்துக்குப் பதிலாகப் பிறந்ததுதான்.

கழித்துப் பார்க்கலாமா என்றீர்களே, வரலாறே கழித்துக் காட்டியிருக்கிறது. எழுபதுகளில் பெரும்பாலும் அவர் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்த் தனியாகத்தான் வாசித்தார். கேல் இல்லை, வயோலா இல்லை. பெட்டியும் குரலும் மட்டும். அந்தப் பதிவுகள் பல கிடைக்கின்றன. 'ஃப்ரோஸன் வார்னிங்ஸ்' தனிப் பதிவைக் கேளுங்கள், பாட்டு முழுசாக நிற்கிறது. ஆல்பத்தில் கேல் அதன் மேல் பனி தூவினார் என்பது உண்மை, அழகாகத் தூவினார். மலை நிகோவுடையது.

இன்னொன்று. 1978 தொடக்கத்தில் அவருடைய ஆர்மோனியம் திருடு போய்விட்டது. கையில் காசில்லை. பாரிஸில் ஒரு மூலைக் கடையில் பச்சைத் துருத்தி வைத்த பெட்டி ஒன்று இருப்பது தெரிந்து, அமெரிக்க ராக் பாடகி பாட்டி ஸ்மித்தான் அதை வாங்கிக் கொடுத்தார். இதை நிகோவே சொல்லியிருக்கிறார். பெட்டி போனபோது வேறு வாத்தியத்துக்கு அவர் மாறிவிடவில்லை.

தெற்குச் சன்னல்

தனி மேடைப் பதிவுகள் வலுவான ஆதாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆல்பம் என்பது பாட்டு மட்டும் அல்ல. 'ஈவ்னிங் ஆஃப் லைட்' முடிவில் எல்லாம் உடைந்து விழுகிற மாதிரி வருமே, அது எழுதிவைத்த மெட்டில் கிடையாது. அதைச் செய்தவருக்கும் பாதிப் பெயர் போகவேண்டும். ஒரே ஆளின் கையெழுத்து என்று சொல்லத்தான் எனக்குத் தயக்கம்.

கார்த்திகைப்பூ

கேலுக்கு உரியதைக் கேலுக்குக் கொடுப்பதில் யாருக்கும் தடையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈனோ இன்னொருவர் ஆல்பத்தைத் தயாரித்தால் "ஈனோ தயாரிப்பு" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். பாடியவரின் பெயருக்கு எந்தக் குறையும் வராது. பெண் எழுதிய ஆல்பம் என்றால், அதிலும் முன்னாள் மாடல் என்றால், உண்மையில் யார் செய்தது என்ற விசாரணை உடனே தொடங்கிவிடுகிறது. வெல்வெட் அண்டர்கிரவுண்டிலும் இதே கதைதான். குழுவின் பாடகர் லூ ரீட் எழுதிய மூன்று பாட்டைக் கொடுத்துப் பாடச் சொன்னார்கள், மற்ற நேரம் மேடையில் கஞ்சிரா மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து நிற்கவைத்தார்கள்.

'செல்சி கேர்ள்', 'தி மார்பிள் இண்டெக்ஸ்' இரண்டின் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு வருடம்தான். உலகம் கொண்டாடிய பொன்னிறக் கூந்தலை அவர் மருதாணியிட்டு இருட்டாக்கிவிட்டார். வெள்ளை உடை போய்க் கறுப்பு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேலாகத் தனக்குச் சோறு போட்ட மூலதனத்தையே தூக்கி எறிந்தார். மாடலாக இருந்தவர்களுக்குத்தான் இதன் விலை தெரியும்.

அந்தக் காலத்திலேயே அவர் எழுதும் திசை தெரிந்திருந்தது என்பதற்கு 'செல்சி கேர்ள்' ஆல்பத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 'இட் வாஸ் எ பிளஷர் தென்' என்ற எட்டு நிமிடப் பாட்டு நிகோ, ரீட், கேல் மூவர் பெயரில் இருக்கிறது. இனிமையான ஆல்பத்தின் நடுவில் அது மட்டும் வேறு ஊரிலிருந்து வந்ததுபோல் கேட்கும். அடுத்த மூன்று ஆல்பங்களும் அந்த ஊரில்தான் நடக்கின்றன.

வடமராட்சி டூ பெர்லின்

நான் பெர்லினில் இருக்கிறேன். நிகோவின் கல்லறை இங்கேதான், குரூனெவால்ட் காட்டுக்குள் இருக்கும் சிறிய மயானத்தில், தாயாருக்குப் பக்கத்தில். ஹாஃபல் ஆற்றில் ஒதுங்கிய பெயர் தெரியாதவர்களைப் புதைக்கத் தொடங்கிய இடம் அது. மரங்களுக்கு நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போகிறவர்கள் யாராவது பூ வைத்துவிட்டுப் போவார்கள்.

'டெசர்ட்ஷோர்' ஆல்பத்தில் 'மூட்டர்லைன்' என்று ஜெர்மன் மொழியில் தாய்க்கு ஒரு பாட்டு இருக்கிறது. நிகோவை அடக்கம் செய்தபோதும் அந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். அதே ஆல்பத்தில் ஒரு நிமிடச் சொச்சத்துக்கு அவருடைய மகன் பிரெஞ்சில் பாடுவான், எட்டு வயது இருக்கும். இருட்டான ஆல்பம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது மூன்று தலைமுறை ஒரே வீட்டில் கூடிய ஆல்பம். பாட்டி, தாய், பிள்ளை. நேரில் அவர்கள் சேர்ந்து இருந்தது குறைவு. பிள்ளையை வளர்த்தது வேறு வீட்டில்.

அவர் பிறந்தது கொலோன் என்றாலும் சிறுவயதில் இருந்தது பெர்லினுக்குத் தெற்கே லுப்பெனௌ என்ற சிற்றூரிலும், பிறகு இடிந்து கிடந்த பெர்லினிலும். 'தி மார்பிள் இண்டெக்ஸ்' கேட்கும்போது, குண்டு விழுந்த நகரத்தில் வளர்ந்த ஒருவர் பாடுகிறார் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஊரில் இருந்து வந்த எங்களுக்கு அந்த அமைதி தெரியும்.

நேர்கோடு

இழையின் மரியாதை கெடாமல் ஒன்று சொல்ல வேண்டும். நிகோவைப் பற்றிப் பேசும்போது அவருடைய நிறவெறியைத் தள்ளிவைக்கக் கூடாது. அவரோடு பழகியவர்களே கறுப்பினத்தவரைப் பற்றியும் யூதர்களைப் பற்றியும் அவர் பேசியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வாழ்க்கை வரலாறுகளிலும் வந்திருக்கிறது. 'தி எண்ட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஜெர்மன் தேசிய கீதம். ஹைடன் 1797இல் போட்ட மெட்டு, 1841இல் எழுதிய வரிகள். நாஜிகள் கொண்டாடிய முதல் பத்தியை மேற்கு ஜெர்மனி ஒதுக்கிவிட்டு மூன்றாம் பத்தியை மட்டும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் அந்த முதல் பத்தியைப் பாடினார். இதைக் கலை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட என்னால் முடியாது. நாமும் நிறத்துக்காக உலகம் முழுக்க அடி வாங்கியவர்கள்தான்.

வடமராட்சி டூ பெர்லின்

நீங்கள் சொன்னது சரி, தள்ளிவைக்கவும் கூடாது. கீதத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மேடையில் அதை, மேற்கு ஜெர்மனியின் 'செம்படைப் பிரிவு' (Red Army Faction) என்ற ஆயுதக் குழுவைச் சேர்ந்த ஆன்ட்ரியாஸ் பாடருக்குச் சமர்ப்பித்துப் பாடியிருக்கிறார். அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்துச் சிறையில் இருந்த இடதுசாரி அவர். தேசப் பெருமைக்காகப் பாடிய பாட்டு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டி இழுக்க இழுக்க, அந்தக் கீதம் இழவு வீட்டுப் பாட்டு மாதிரித்தான் கேட்கிறது. ஆனால் மனிதர்களைப் பற்றி அவர் பேசியதற்கு இது சமாதானம் ஆகாது. இரண்டையும் தனித்தனியாக வைத்துத்தான் பார்க்கிறேன்.

பின்னிரவு வானொலி

நேர்கோடு, இது இந்த இழையில் இருக்க வேண்டிய பதிவு. நான் அவருடைய இசையை முன்வைக்கிறேன், அவருடைய குணத்துக்கு நற்சான்று கொடுக்கவில்லை. ஹெராயின் பழக்கம் பல வருடம் அவரையும் சுற்றி இருந்தவர்களையும் அரித்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய ஆல்பங்களை வாங்குகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டே வாங்கட்டும்.

இரும்புத்தாது

பிற்காலத் தாக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நான் எழுதுகிறேன், இது என் ஏரியா.

1978இல் சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ் என்ற பங்க் (முரட்டு ராக்) குழுவினர் தங்கள் பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் நிகோவை முன் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனார்கள். பங்க் கூட்டம் ஆர்மோனியத்தைக் கேட்கத் தயாராக இல்லை, கூச்சல் போட்டு அவரை விரட்டினார்கள். சில வருடங்களிலேயே நிலைமை மாறிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் பௌஹாஸ் குழு அவரை மேடைக்கு அழைத்துக் கூடப் பாடினார்கள். இருண்ட, துயரமான ராக் வகையைக் காத் இசை என்று இன்று சொல்கிறோமே, அதன் முதல் ஆல்பம் 'தி மார்பிள் இண்டெக்ஸ்'தான் என்று பௌஹாஸ் பாடகர் பீட்டர் மர்ஃபி சொல்லியிருக்கிறார். 1968இல் அப்படி ஒரு வகையே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது த்ராபிங் கிரிஸல் குழு செய்தது. இண்டஸ்ட்ரியல் இசையைத் தொடங்கியவர்கள் அவர்கள். 'டெசர்ட்ஷோர்' ஆல்பத்தை முழுசாக மறுபடி செய்யவேண்டும் என்று 2007இல் லண்டனில் பார்வையாளர்கள் முன்னாலேயே பதிவு செய்தார்கள். அதில் தீவிரமாக இருந்த பீட்டர் கிறிஸ்டோபர்சன் 2010இல் இறந்துபோக, மீதி இருவர் 2012இல் அதை முடித்து வெளியிட்டார்கள். இயந்திரச் சத்தத்தை இசையாக்கியவர்கள் தங்கள் மூலநூலாக ஓர் ஆர்மோனியப் பெண்ணின் ஆல்பத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வழியில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவைச் சேர்ந்த லெஸ்லி வைனர். எண்பதுகளில் பெரிய ஃபேஷன் நிறுவனங்களின் மாடல். 1990 வாக்கில் 'விட்ச்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். 1993இல் முறையாக வந்தபோது அட்டையில் தன் பெயருக்குப் பதில் காப்பிரைட் குறியை மட்டும் போட்டார். தடித்த பேஸ், மெதுவான தாளம், பாடாமல் பேசுகிற குரல். இந்த வகைக்கு ட்ரிப் ஹாப் என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே பதிவானது. அவருக்கும் 2021இல்தான் ஒரு நல்ல தொகுப்பு வந்தது.

தெற்குச் சன்னல்

வைனர் கேட்டதில்லை, குறித்துக்கொண்டேன். பெட்டிக்கட்டை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மேற்கத்திய விமர்சகர்கள் இந்த இசையைப் பயங்கரம், உறைபனி, சாவு என்றுதான் எழுதுகிறார்கள். உங்களுக்கு அப்படிக் கேட்டதா?

பெட்டிக்கட்டை

பயமெல்லாம் இல்லை தம்பி. துக்கம் இருக்கிறது. ஆனால் கீழே ஒரு சுருதி ஓடிக்கொண்டே இருக்கும்போது நமக்கு அது வீடு மாதிரிதான். அவர்களுக்குப் பாட்டு என்றால் அடியில் சுரக்கூட்டம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். மாறாமல் நின்றால் ஏதோ நடக்கப் போகிறது என்று தோன்றும்போல. நாம் சுருதியை நிறுத்திவிட்டுத்தான் பாட ஆரம்பிக்கிறோம், அது நகராமல் நிற்பதுதான் நமக்குத் தைரியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே இந்தப் பெட்டியைப் பல வருடம் வானொலியில் சேர்க்கவில்லை. கமகம் வராது, சுருதி நம் சுருதி இல்லை என்று 1940இல் தடை போட்டார்கள். கமகம் வராது என்பது உண்மைதான். அதனால்தான் பெட்டிக்காரன் நேர்ச்சுரத்திலேயே உருக்கத்தைக் கொண்டுவரப் பழகினான். இந்த அம்மா பாடுவதும் அப்படித்தான். குரலில் அசைவே இல்லை. ஒரு சுரத்தில் போய் நின்றால் நிற்கிறார். நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

புதுமழை

எல்லாப் பதிவையும் படித்தேன். இவர் பாட்டு எதுவுமே கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அண்ணன்களும் அக்காக்களும் சொல்லுங்கள்.

கார்த்திகைப்பூ

'டெசர்ட்ஷோர்' எடு. அரை மணி நேரம்தான். 'தி ஃபால்கனர்' பாட்டில் ஆர்மோனியம் நின்று பியானோ நுழைகிற இடம் வரும், அங்கே உனக்குப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் பிடிக்கும். அட்டையில் இருப்பது பிரெஞ்சு இயக்குநர் ஃபிலிப் கரேல் எடுத்த படத்தின் காட்சி. அந்தப் படத்தில் நிகோவும் நடித்திருக்கிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின்னிரவு வானொலி

நானும் அதையே சொல்வேன். அடுத்து 'தி மார்பிள் இண்டெக்ஸ்', இயர்போனில் வேண்டாம், ஸ்பீக்கரில் போடு. இரண்டு ஆல்பங்களையும், ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட பதிவுகளோடு சேர்த்து, 2007இல் 'தி ஃப்ரோஸன் பார்டர்லைன்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். கேல் சேர்த்தது எது, நிகோ கொண்டுவந்தது எது என்று தெற்குச் சன்னல் கேட்ட கேள்விக்கு அந்த விடுபட்ட பதிவுகளில் நிறையப் பதில் இருக்கிறது. எண்பதுகளின் ஆல்பங்களைக் கடைசியில் வைத்துக்கொள். 'கேமரா அப்ஸ்குரா' மட்டும் கேட்கலாம், கேல் மறுபடி தயாரித்தது, 1985.

தெற்குச் சன்னல்

விடுபட்ட பதிவுகளை நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். கேலுக்குப் பாதி என்ற என் கணக்கு அதுவரை அப்படியே இருக்கட்டும்.